மறைத்தும் மெய்ப்பிக்கும் கணக்கு

சென்ற கோடை விடுமுறையிலே யாம் மூவர் கூடி ஒரு சிறு செயலியை இயற்றினோம். எம்முள் ஒருவர் தமிழ் பயில்பவர். ஏனை இருவர் கணினியியல் பயில்பவர். இருவர் இல்லம் விழுப்புரத்திலும் ஒருவர் இல்லம் திண்டிவனத்திலும் இருத்தலின், ஒருநாள் அவ்வூரிலும் மறுநாள் இவ்வூரிலுமாகக் கூடினோம். இடையே முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்னும் நிலையங்களைக் கடந்து செல்லும் இரயில் வண்டியிலேயே எம் ஆராய்ச்சியிற் பாதி நிகழ்ந்தது எனலாம். அச்செயலி பலர்க்கும் பயன்படும் நிலையை இன்னும் எய்தவில்லை. எனினும், அதனை இயற்றியபோதும், அதனினும் மிகுதியாக அதனைச் சோதித்தபோதும் யாம் கற்றவை சில உள. கணினியியல் அறியாதாரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் அவற்றை ஈண்டுக் கூற முயல்வாம்.

முதற்கண் இம்முயற்சிக்குக் காரணமாய நிகழ்ச்சியை உரைத்தல் வேண்டும். எம் நண்பர் ஒருவரின் அன்னையார் திண்டிவனத்திலே ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் உறுப்பினர். குழுவினர் பன்னிருவர். மாதந்தோறும் சேமிப்பும் கடன் தவணையும் செலுத்துவர். ஊக்குநராய அம்மையார் அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்திலே குறித்து வைப்பார். ஒருகால், தம்மீது எவர்க்கும் ஐயம் எழலாகாது என்று கருதிய அவர், கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்சப்பிலே குழுவினர்க்கு அனுப்பிவிட்டார். மறுநாள் அப்படம் தெருவெங்கும் பரவிவிட்டது. உறுப்பினருள் ஒருவர் தம் மகளின் மருத்துவச் செலவுக்காகக் கடன் பெற்று, மூன்று மாதத் தவணை செலுத்த இயலாதிருந்தார். வீட்டார்க்கும் அறிவியாத அச்செய்தி ஊரார்க்குத் தெரிந்துவிட்டது. அதன் பின்னர் அவர் கூட்டத்துக்கு வந்திலர்.

இதிலே ஊக்குநர் செய்த குற்றம் யாது? தம் நேர்மையை மெய்ப்பிக்க அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. கணக்கு மெய்யென்று அனைவர்க்கும் காட்ட வேண்டும். ஆயின் ஒருவர் நிலை மற்றவர் கண்ணிற் படுதலும் ஆகாது. இவ்விரண்டும் ஒருங்கே கைகூடுமோ என்பதே எம் உள்ளத்து எழுந்த வினா.

இவ்வினா ஒரு தெருவுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிலே மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்திலே, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன் தொடங்கப்பெற்றன. பின்னர் அக்காலத்துத் தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் பரவின. அம்மாவட்டத்திலிருந்து 1993-இல் பிரிந்ததே விழுப்புரம் மாவட்டம். குழுக்களின் ஏடுகளைக் கணினியில் ஏற்றும் பொருட்டு நபார்டு வங்கி 2015-இல் ‘இ-சக்தி’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டரசு 2020-இல் பிளாக்செயினுக்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. தமிழ்நாடு மின்னாளுமை முகமை அத்தொழில்நுட்பத்துக்காக அமைத்த அடித்தளத்துக்கு ‘நம்பிக்கை இணையம்’ எனப் பெயர். ஆகவே, எளியோர் கணக்குகள் நோட்டுப் புத்தகத்தினின்று கணினிக்குச் செல்லும் காலம் இது. செல்லுங்கால் அவர்தம் மானமும் உடன் காக்கப்பெறுமோ என ஆராய்தல் நம் கடன் அன்றோ?

இனி, பிளாக்செயின் என்பது யாதெனக் காண்போம். இதனை யாம் ‘ஏட்டுச்சங்கிலி’ என வழங்குவோம். ஒரு கணக்கேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அதற்கு முந்திய பக்கத்தின் முத்திரை பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்க. இம்முத்திரையை ஆங்கிலேயர் ‘ஹாஷ்’ என்பர். எத்துணை நீண்ட எழுத்தாயினும் அதனின்று குறித்த நீளமுள்ள ஓர் எண்ணை ஆக்கித் தரும் கணித முறை அது. முந்திய பக்கத்திலே 500 என்பதை எவரேனும் 600 எனத் திருத்தின், அப்பக்கத்தின் முத்திரை முற்றும் வேறாகிவிடும், அடுத்த பக்கத்திற் பொறித்த முத்திரையோடு அது பொருந்தாது, திருட்டு வெளிப்படும். அன்றியும், அவ்வேட்டின் படிகள் பலரிடத்தும் இருத்தலின் ஒருவர் தம் படியைத் திருத்துவதால் யாதொரு பயனும் இன்று.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. ஹேபர், ஸ்டோர்நெட்டா என்னும் இருவர் 1991-இல் இம்முறையை விளக்கினர்; 1995 முதல் அத்தகைய முத்திரை ஒன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழிலே விளம்பரமாக வெளிவந்தது. சடோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரினர் 2008-இல் விளக்கி 2009-இல் தொடங்கிய பிட்காயினும், 2015-இல் தோன்றிய எத்தீரியமும் இதனை உலகறியச் செய்தன.

ஆயின், இவ்வேடுகளின் சிறப்பே நமக்கு இடையூறாகின்றது. எவரும் திருத்தவியலாமைக்குக் காரணம் எவரும் காணவியலுதல். பெயருக்கு மாற்றாக ஒரு நீண்ட எண் நிற்பினும், அவ்வெண் இன்னாருடையது என ஒருமுறை தெரிந்துவிட்டால் அவருடைய வரவு செலவு அனைத்தும் வெட்டவெளியாகிவிடும். வாட்சப்பிற் பரவிய படமாவது ஒருகால் மறக்கப்படும். ஏட்டுச்சங்கிலியோ மறத்தலே அறியாதது. ஆகவே, மறைக்க வேண்டியதை மறைக்கும் முறையை முதலிலேயே அமைத்தல் இன்றியமையாதது.

எம் முதல் முயற்சி மிக எளியதாயிருந்தது. தொகையை எழுதாது தொகையின் முத்திரையை மட்டும் ஏட்டில் எழுதினோம். 500 என்பதன் முத்திரை 64 குறிகள் கொண்ட ஒரு பெருந்தொடர். அதனைக் கண்டு எவர் 500 என அறிவர் என எண்ணி மகிழ்ந்தோம். எம் நண்பருள் ஒருவர் அதனைச் சோதிக்க முன்வந்தார். 0 முதல் 50,000 வரையுள்ள எண்கள் அனைத்துக்கும் முத்திரை கணித்து ஓர் அட்டவணை ஆக்கினார். அதற்கு அவருடைய மடிக்கணினி ஒரு நொடியும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் எம் ஏட்டிலுள்ள பன்னிரண்டு முத்திரைகளையும் அவ்வட்டவணையோடு ஒப்பிட்டுத் தொகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்! பத்து இலக்கத் தொலைபேசி எண்ணையும் இவ்வாறே கண்டறிதல் எளிது. மறைக்கப்படும் பொருள் ஊகிக்கத்தக்கதாயின் முத்திரை அதனை மறைக்காது என்பதே யாம் கற்ற முதற்பாடம்.

இதற்கு மாற்று, தொகையோடு மிகப் பெரியதும் எவரும் ஊகிக்கவியலாததுமான ஓர் எண்ணைக் கலந்து முத்திரையிடுதல். இவ்வெண்ணைக் கணினியியலார் ‘உப்பு’ என்றே வழங்குவர். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு வளர்ந்த எமக்கு இப்பெயர் மிக இனித்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் பழமொழி முத்திரைக்கும் பொருந்துதல் காண்க.

உப்பிட்ட முத்திரை தொகையை மறைக்கும். ஆயின் பன்னிருவர் தொகையையும் கூட்டிப் பார்க்க உதவாது. வங்கியிற் செலுத்திய மொத்தம் 6,000 என்றால், மறைந்துள்ள பன்னிரண்டு தொகைகளும் கூடி 6,000 ஆகின்றன என்று மெய்ப்பித்தல் வேண்டுமன்றோ? இதற்குரிய வழியை 1991-இல் பெடர்சன் என்னும் அறிஞர் காட்டினார். அவர் முறையிலே ஒவ்வொரு தொகையும் ஒரு பூட்டிய பெட்டியாகின்றது. பெட்டிகளைத் திறவாமலே ஒன்றோடொன்று கூட்டலாம். கூட்டி வந்த பெரிய பெட்டியை மட்டும் திறந்தால் மொத்தம் தெரியும். நம் ஆலயங்களிலே காணிக்கைப் பை செல்லுங்கால் ஒருவர் இட்டதை மற்றவர் காணார். எண்ணி முடித்தபின் மொத்தம் மட்டுமே அறிவிக்கப்படும். அதனை ஒத்தது இஃது என்க.

ஆயின் காணிக்கைப் பையிலே காசுக்கு மாறாகப் பொத்தானை இட்டவர் யாரென எவரும் அறியார். எம் பெட்டிகளுக்கும் அக்குறை இருந்தது. யாம் இயற்றிய நிரலிலே நண்பர் இருவர் சூழ்ச்சி செய்து பார்த்தனர். இருவரும் செலுத்தியதாகக் கொண்ட தொகை 500, 500. ஆயின் ஒருவர் தம் பெட்டியில் 1,500 எனவும், மற்றவர் தம் பெட்டியில் 500-க்குக் குறைக்குறி இட்டும் பூட்டினர். கூட்டினால் 1,000 தான். மொத்தமும் 6,000 தான். நிரல் யாதொரு தடையும் கூறாது ஏற்றுக்கொண்டது. பின்னவர் ஊரைவிட்டு மறைந்துவிட்டால், முன்னவர் செலுத்தாத 1,000 ரூபாய்க்கு உரிமை கொண்டாடுவார். இழப்பு ஏனைய பதின்மருக்கு.

ஆகவே, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள எண் குறித்த வரம்புக்குள் அடங்கியது என்பதையும் எண்ணைக் கூறாமலே மெய்ப்பித்தல் வேண்டும். இத்தகைய வெளியிடாச் சான்றுகளின் இலக்கணத்தை முதன்முதல் வகுத்தவர்கள் கோல்ட்வாசர், மிக்காலி, ரேக்காஃப் என்னும் மூவர். அவர்தம் கட்டுரை வெளிவந்தது 1985-இல். கேட்டற்கு விந்தையாயினும் அதன் கருத்து எளிதே. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலே தோன்றிய நிலக்கடலை வகைகள் ‘டி.எம்.வி.’ என்னும் அடையாளம் பெற்றன. அவற்றுள் இரு வகைப் பருப்புக்கள் நமக்கு ஒன்றுபோலவே தோன்றுவதாகக் கொள்வோம். ஒரு முதிய உழவர் தமக்கு வேற்றுமை தெரியும் என்கிறார். ஆயின் அதனை நமக்குக் கற்பிக்க மறுக்கிறார். நாம் கைக்கொன்றாகப் பிடித்து அவருக்குக் காட்டி, பின் முதுகுப்புறத்தே மறைத்து, மாற்றியோ மாற்றாமலோ மீண்டும் காட்டி, ‘மாற்றினோமா?’ என வினவுவோம். அவர் வெறும் ஊகத்தால் ஒருமுறை சரியாகக் கூறலாம். இருபது முறை தொடர்ந்து தவறாது கூறின், அது வெறும் ஊகமாதற்கு 10,48,576-இல் ஒரு பங்கே இடமுண்டு. அவர் அறிவார் என்பதை நாம் அறிந்தோம். அவர் அறிந்ததை நாம் அறிந்திலோம்.

எம் செயலியிலே இதனை அமைத்த விதம் வருமாறு: தொகையைப் பதினாறு இலக்கங்களாக, ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1 ஆக, எழுதுதல் வேண்டும். அங்ஙனம் எழுதவியலும் எண் 0 முதல் 65,535 வரையுள்ளதே ஆதலின் குறைக்குறி எண்ணுக்கு இடமில்லை. யாம் இதனை எழுதி, ஐம்பது எடுத்துக்காட்டுக்களால் சோதித்து, அனைத்தும் தேறின என்று களித்தோம். மறுநாள் இரயில் வண்டி விக்கிரவாண்டியில் நின்றபோது, நிரலைப் படித்துக்கொண்டிருந்த நண்பர் திடுக்கிட்டு எழுந்தார். இலக்கங்கள் கூடித் தொகையாதல் வேண்டும் என்ற விதியை எழுதியிருந்தோம். ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1 ஆகவே இருத்தல் வேண்டும் என்ற விதியை எழுத மறந்திருந்தோம்! பழைய சூழ்ச்சி அவ்வழியே மீண்டும் நுழையக்கூடியதாயிருந்தது. எம் ஐம்பது சோதனைகளும் அதனைக் காட்டாமைக்குக் காரணம் யாது? அவை ஐம்பதும் நேர்மையாளர் செய்யும் செயல்களாகவே இருந்தன. மெய் ஏற்கப்படுகின்றதா என்று மட்டும் கேட்டோம். பொய் மறுக்கப்படுகின்றதா என்று கேட்டிலோம். அன்றுமுதல், ஒரு மெய்க்குப் பத்துப் பொய் என்னும் விகிதத்திலே சோதனைகளை எழுதலானோம்.

இப்பிழை எம்போன்ற மாணவர்க்கே உரியது என நினைத்தலும் தவறு. மறைவுக்கெனவே 2016-இல் தொடங்கிய ‘சீகேஷ்’ என்னும் நாணயத்திலே, சான்றின் கணித அமைப்பில் ஒரு குறை இருத்தலை அதன் அறிஞர் ஒருவர் 2018 மார்ச்சு மாதத்திற் கண்டார். அதனை அறிந்தார் எவரும் அளவின்றிக் கள்ளநாணயம் ஆக்கியிருக்கலாம். அவ்வாண்டு அக்டோபரில் குறை நீக்கப்பட்டது. 2019 பெப்ருவரியிலே செய்தி வெளியிடப்பட்டது. வெளிப்படையான ஏட்டிலே திருட்டு நிகழின் எவர் கண்ணுக்கேனும் புலனாகும். மறைவான ஏட்டிலோ மறைவே திருடனுக்கும் போர்வையாகிவிடும். ஆதலின் மறைவு மிகுந்தோறும் சோதனையும் மிகுதல் வேண்டும்.

நிற்க. கணிதம் பிழையற்றதாயினும் மறைவு வேறு வழியாகக் கசிதல் உண்டு. எம் செயலியை முதலில் எம் கணினிகளிலும், பின்னர் மதிப்பற்ற நாணயங்கள் வழங்கும் ‘டெஸ்ட்நெட்’ என்னும் சோதனைக் களத்திலும் ஓட்டினோம். பெயர்களும் தொகைகளும் எம் கற்பனையே. மெய்யான நோட்டுப் புத்தகத்தை யாம் தொட்டிலோம், ஏனெனில் சோதனைக் களமும் பொது வெளியே. அங்கே எம்முள் ஒருவர் பகைவர் வேடம் பூண்டு, பூட்டைத் தொடாது வெளியிலிருந்தே நோக்கினார். ‘இம்மாதம் பதினொரு பெட்டிகளே வந்துள, வாராத பெட்டிக்குரியவரே பாக்கிதாரர்’ என்றார். எண் ஒன்றும் வெளிப்படவில்லை. ஆயின் மானம் வெளிப்பட்டுவிட்டது! ஆகவே, செலுத்த இயலாதவரும் 0 என்று பூட்டிய பெட்டியை இடுதல் வேண்டும் என்றும், பன்னிரண்டும் ஒரே வேளையில் ஒருவர் வழியாகவே ஏட்டில் ஏறுதல் வேண்டும் என்றும் விதித்தோம். பூட்டிய சுழியும் பூட்டிய ஐந்நூறும் புறத்தார்க்கு வேறுபடா.

பாக்கி யாருடையது என்பதைக் குழுவே அறியாதாயின் குழு எங்ஙனம் நடைபெறும் என்று வினவலாம். நேரிய வினாவே. அதற்கெனப் ‘பார்வைத் திறவுகோல்’ ஒன்று வகுத்தோம். உறுப்பினர் தம் பெட்டியைக் காணும் உரிமையைத் தாம் விரும்பும் ஊக்குநர் ஒருவருக்கு மட்டும் அளிக்கலாம். அறிய வேண்டியவர் அறிவர், தெரு அறியாது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் புட்டசாமி வழக்கிலே அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். 2023-இல் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம்மைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையையும் கூறுகின்றது. அழியா ஏட்டிலே அழிக்கும் உரிமை எங்ஙனம் செல்லும்? இதனை எண்ணியே, பெயரையும் தொலைபேசி எண்ணையும் சங்கிலியில் ஒருபோதும் ஏற்றலாகாது எனத் துணிந்தோம். அவை உறுப்பினர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

விடுமுறையின் இறுதியிலே செயலியை நண்பரின் அன்னையாரிடம் காட்டினோம். அவர் பொறுமையோடு அனைத்தையும் கேட்டு, “தம்பி, கணக்கெல்லாம் சரிதான். என் போன் கிணற்றில் விழுந்துவிட்டால் என் பணத்துக்கு யார் சாட்சி?” என வினவினார். யாம் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். எம் நூற்றுக்கணக்கான சோதனைகளுள் இவ்வொரு சோதனை இல்லை. உப்பும் திறவுகோலும் தொலைபேசியிலே இருந்தன. அது போயின் பெட்டியைத் திறப்பார் எவரும் இலர். ஓர் இரகசியத்தைப் பல துண்டுகளாக்கிப் பலரிடம் கொடுத்து, அவருள் குறித்த சிலர் கூடினால் மட்டுமே மீட்கும் வழியை ஷமீர் என்னும் அறிஞர் 1979-இலேயே வகுத்துள்ளார். மூன்று துண்டுகளுள் இரண்டு கூடினால் மீளும் வண்ணம் அதனை இப்பொழுது அமைத்து வருகின்றோம்.

அன்னையார் மற்றொன்றும் கேட்டார்: “பன்னிரண்டு பேர் ஒரே திண்ணையில் உட்காருகிறோம். எங்களுக்கு இவ்வளவு வேண்டுமா?” உண்மை, ஒருவரையொருவர் நம்பும் சிறு குழுவுக்கு ஒரு நோட்டும் ஒரு பூட்டும் போதும். ஊக்குநரும் வங்கியும் அலுவலகமும் ஒருவரையொருவர் நேரிற் காணாது கணக்குக் கேட்கும் இடத்திலேதான் இத்தகைய சங்கிலிக்கு வேலை உண்டு. வேண்டாத இடத்திலே கருவியைப் புகுத்தாமையும் இயற்றுவோர்க்குரிய ஒழுக்கமே.

எம் உரையாடலினின்று விளைந்த முதற்பயன் செயலியன்று. அக்குழுவிலே இப்பொழுது ஊக்குநர் பக்கத்தைப் படம் எடுப்பதில்லை; மொத்தத்தை மட்டும் உரக்கப் படித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கைத் தனிச்சீட்டிலே எழுதிக் கொடுக்கின்றார். யாம் மூன்று மாதம் முயன்று கண்ட தத்துவத்தைத் தாளிலும் பென்சிலிலும் அவர் அமைத்துவிட்டார். கூட்டத்துக்கு வாராது நின்ற அம்மையார் இன்னும் திரும்பவில்லை. ஆயினும் தம் தவணையைச் சிறிது சிறிதாக நண்பரின் அன்னையார் வழியே செலுத்தி வருகின்றார்.

கணினியியல் பயிலும் நம் மாணவர், தாம் இயற்றும் செயலி ஓடுகின்றதா என்று சோதிப்பதோடு அமையாது, அதனால் எவர் முகம் வாடும் என்றும் சோதிப்பாராக. தமிழ் பயில்வோரும் அவர்தம் அருகே அமர்ந்து, விளங்காத சொல்லை விளங்கும்வரை வினவுவாராக. விக்கிரவாண்டியிலே எம் பிழையைக் கண்டவர் கணினியியல் நண்பரே. ஆயின் ‘ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1 என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்று தமிழ் பயில்பவர் அன்று வினவியமையாலேயே அவர் அவ்விடத்தை மீண்டும் படித்தார்.